அவசர வேளையும் இறுதி வேளையும்

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். பகலில் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ போய்வருகிறவர்களுக்கு இது ஒரு தூரமாகவே தெரியாது. இரவு பதினொரு மணிக்கு, மூச்சு வாங்கும் நாயைத் தூக்கிக்கொண்டு, எந்த வைத்தியர் தொலைபேசியை எடுப்பார் என்று தெரியாமல் முற்றத்தில் நிற்கிறவருக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

காங்கேசன்துறை தெல்லிப்பழைப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருகிறது. வட மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அரச மிருக வைத்தியர்கள் பிரதேச மட்டத்தில் பணியாற்றுகிறார்கள். நாய், பூனையையும் பார்ப்பார்கள். ஆனாலும் அவர்களுடைய நாளின் பெரும்பகுதி பசு, ஆடு, கோழியோடுதான் போகும். பொதுவான அரச அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. செல்லப்பிராணிகளுக்கான தனியார் சிகிச்சை நிலையங்கள் பெரும்பாலும் நகரத்தையும் அதை அண்டிய இடங்களையும் சார்ந்தவை. பெரிய சத்திரசிகிச்சை, நுணுக்கமான பரிசோதனை என்று வந்தால் நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருக்கும் பேராதனைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் மனிதருக்கானது.

இந்த நிலைமையில் வளர்ப்பவருக்கு உதவுவது முன்னேற்பாடு. எந்த வைத்தியரிடம் போவது, எதில் போவது, எவ்வளவு செலவைத் தாங்கலாம், பிழைக்க வழியில்லை என்றால் யார் முடிவு சொல்வது ஆகிய நான்கையும் பதற்றமில்லாத ஒரு பகலில் தீர்மானித்து வைக்கலாம். அப்படித் தீர்மானித்த வீட்டில் அவசர வேளையில் நேரம் வீணாவதில்லை. இறுதி வேளை வந்தால் அதன் பின் மனத்தை அரிக்கும் கேள்விகளும் குறைவு.

பகலில் செய்து முடிக்க வேண்டியவை

1. மூன்று வைத்தியர்களின் இலக்கங்களை எழுதுங்கள். ஒருவர் உங்கள் பிரிவின் அரச மிருக வைத்தியர், மற்ற இருவரும் தனியார். ஒவ்வொருவரிடமும் நேரில் போய், இரவில் அழைக்கலாமா, எத்தனை மணி வரை, வீட்டுக்கு வருவார்களா, தாங்கள் இல்லாத நாளில் யாரிடம் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். இலக்கங்களைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அது உதவும்.

2. வாகனத்துக்கு ஆள் பார்த்து வையுங்கள். நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டோக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள். சம்மதிக்காதவரோடு நடு இரவில் வாதாடப் பொழுது இராது. பூனைக்கு மூடியுள்ள கூடை வேண்டும். பெரிய நாயைத் தூக்க ஒரு பலகை அல்லது தடித்த பெட்சீட் போதும்.

3. நிறையை அறிந்து வையுங்கள். மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் நிறையைக் கழித்தால் போதும். தடுப்பூசி அட்டையில் அதையும் திகதியையும் குறியுங்கள்.

4. ஒரு பை கட்டி வையுங்கள். தடுப்பூசி அட்டை, இரண்டு துவாய், பஞ்சு, பன்டேஜ், வெப்பமானி, ரோச், கையுறை, வாய் கட்டுவதற்கு மென்மையான துணி நாடா, தண்ணீர்ப் போத்தல். நோ மாத்திரை எதையும் அந்தப் பைக்குள் போடாதீர்கள். காரணம் கீழே வரும்.

5. பணத்தைப் பற்றிக் கதைத்து வையுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு நேரத்தில், எவ்வளவு வரை செலவழிக்க முடியும் என்பதை வெளிப்படையாகப் பேசுங்கள். மாதாமாதம் சிறு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது. எல்லை இருப்பது அன்பில்லாத செயல் ஆகாது. கடன்பட்டு, பாதியில் நின்றுபோகும் சிகிச்சையால் விலங்குக்கும் நன்மையில்லை.

எது அவசரம்?

சோறு ஒரு நேரம் தின்னவில்லை என்பதற்காக இரவில் ஓட வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது:

• மூச்சுவிடச் சிரமம், பூனை வாயால் மூச்சுவிடுதல்
• ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு
• கடுவன் பூனை சலம் போக முக்கி முக்கிப் பார்த்தும் வராமை
• வயிறு உப்பி, சத்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமை. அல்சேஷன் போன்ற பெரிய நாய்களில் இது உயிராபத்து
• குட்டி ஈனும்போது அரை மணித்தியாலத்துக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வெளிவராமை
• குட்டி நாய்க்கு இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் சத்தியும்
• நிற்காத இரத்தப்போக்கு, வாகனம் மோதியது, பாம்புக்கடி, நஞ்சு

சந்தேகமாக இருந்தால் மூன்றைப் பாருங்கள். முதலாவது முரசு. மேல் உதட்டை மெல்ல உயர்த்திப் பார்த்தால் நலமுள்ள நாயின் முரசு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரல் நுனியால் ஒரு கணம் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது. வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம், அல்லது உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் குறைந்திருக்கலாம். நீலமாகவோ கபிலமாகவோ தெரிந்தால் உடனே புறப்படுங்கள். முரசு இயல்பாகவே கறுப்பான நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். இவற்றை நாய் நலமாக இருக்கும்போதே பார்த்துப் பழகினால்தான் வேறுபாடு தெரியும்.

இரண்டாவது மூச்சு. தூங்கும்போது நெஞ்சு உயர்ந்து தாழ்வதை ஒன்று என்று எண்ணினால், நிமிடத்துக்கு 30ஐத் தாண்டக் கூடாது. மூன்றாவது வெப்பம். மலவாயிலில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இயல்பு. மூக்கு ஈரமா காய்ந்ததா என்பதை வைத்துக் காய்ச்சலைத் தீர்மானிக்க முடியாது.

தொலைபேசியில் எப்படிச் சொல்வது

வைத்தியரின் வாசலுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் பலர். முதலில் அழையுங்கள். அழும் குரலில் நடந்த கதையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினால் வைத்தியருக்கு வேண்டிய செய்தி கடைசியில்தான் வரும். இப்படிச் சொல்லுங்கள்:

"வணக்கம் டொக்டர், காங்கேசன்துறையிலயிருந்து கதைக்கிறன். எங்கட நாய், கடுவன், ஏழு வயசு, இருபத்திரெண்டு கிலோ. அரை மணித்தியாலத்துக்கு முதல் வேலிக்கரையில பாம்பு கடிச்சிட்டுது. முகம் வீங்குது, முரசு வெளிறிக் கிடக்கு. ஓட்டோ வாசல்ல நிக்குது. உங்களிட்ட விஷமுறி ஊசி இருக்கோ?"

"பாம்பைக் கண்டனீங்களோ?"

"ஓம் டொக்டர், மகன் தூர நிண்டு படம் எடுத்தவன்."

"படத்தை அனுப்பிப்போட்டு வெளிக்கிடுங்கோ. நாயை நடக்க விடாதேங்கோ, தூக்கிக்கொண்டு வாங்கோ. ஒண்டும் குடுக்க வேண்டாம்."

என்ன விலங்கு, வயது, நிறை, என்ன நடந்தது, எப்போது, இப்போது என்ன நிலை, எவ்வளவு நேரத்தில் வருவீர்கள். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடியும். மருந்து இல்லை என்றால் "அப்ப ஆரிட்டப் போறது டொக்டர்?" என்று கேட்டு, அந்த இலக்கத்தை வாங்கிக்கொண்டு வையுங்கள்.

இந்தக் கரையில் அடிக்கடி வரும் ஆபத்துகள்

*பாம்பு.* 1990இல் இடம்பெயர்ந்து, போருக்குப் பின் படிப்படியாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்களின் ஊர் இது. பக்கத்து வளவு இன்னமும் பற்றையாகவும் இடிந்த சுவராகவும் கிடக்கும் வீடுகள் உண்டு. அங்கே நாய்தான் முதலில் மோப்பம் பிடித்துப் போகும், முகத்திலோ முன்னங்காலிலோ கடி வாங்கும். கண்ணாடிப் புடையன் கடித்தால் வீக்கம், முரசில் இரத்தக் கசிவு, இருண்ட சலம் வரலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே இராது. சில மணித்தியாலத்தில் கால் தளர்ந்து மூச்சு அடங்கும். ஆகவே வீக்கமில்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல். கழுத்துப்பட்டியைக் கழற்றி, அசையாமல் தூக்கிப் போக வேண்டும். இலங்கையில் பயன்படும் விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. விலையும் அதிகம், எல்லா மிருக வைத்தியரிடமும் இராது. அதனால்தான் மேலே அந்தக் கேள்வி முதல் அழைப்பிலேயே வந்தது.

*தோட்டத்து நஞ்சு.* வலிகாமத்தில் வெங்காயமும் முந்திரிகையும் விளையாத ஊர் குறைவு. இரண்டுமே நாய்க்கு ஆகாது. முந்திரிகைப் பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பச்சையானாலும் கறியில் வெந்ததானாலும், சிவப்பணுக்களை அழிக்கும். பூனைக்கு இன்னும் மோசம். பூச்சிநாசினி பட்டால் எச்சில் வழிதல், தசைத் துடிப்பு, வயிற்றோட்டம், கண்மணி சுருங்குதல் தோன்றும். கையுறை போட்டுச் சவர்க்காரத்தால் உடம்பைக் கழுவுங்கள். போத்தலையோ அதன் லேபிளின் படத்தையோ கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் வைத்தியர் அதற்குரிய மாற்று மருந்தைப் போட முடியும். உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது உப்பு நஞ்சாக மாறி உயிரை வாங்கக்கூடும். மண்ணெண்ணெயோ பூச்சிநாசினியோ குடித்த விலங்கைச் சத்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். வைத்தியர் சொல்லாமல் சத்தி எடுக்க வைக்காதீர்கள்.

*கடற்கரை.* வலையில் வந்து கரையில் எறியப்படும் பேத்தை மீனைத் தின்ற நாயும் பூனையும் சத்தி எடுத்து, கால் இழுத்து, மூச்சு நின்று இறக்கும். இரையோடு தூண்டில் முள்ளை விழுங்கினால் வாயில் தொங்கும் தங்கூசியை இழுக்கவே கூடாது. முள் உள்ளே இன்னும் ஆழமாக ஏறும். நூலைக் கழுத்துப்பட்டியில் தளர்வாக முடிந்து கொண்டுபோங்கள்.

*வெயில்.* சித்திரை, வைகாசியில் கட்டிப்போட்ட நாயும், தகரக் கூரைக்குக் கீழே கூட்டில் இருக்கும் நாயும் வெப்ப அதிர்ச்சிக்கு ஆளாகும். நிற்காத இளைப்பு, சிவந்த முரசு, தள்ளாட்டம் தெரியும். 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். முதலில் குளிர வையுங்கள், பிறகு ஏற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். ஈரத் துவாயால் போர்த்தி மூடவும் வேண்டாம், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

*வீதி.* காங்கேசன்துறை வீதியில் அடிபட்ட நாய் எழுந்து நடந்து வந்து படுத்துக்கொள்ளும். வெளியில் காயம் தெரியாது. உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். வைத்தியரிடம் காட்டிய பின்னும் ஒரு முழு நாள் முரசைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தூக்குமுன் வாயைத் துணி நாடாவால் கட்டுங்கள். நோவில் இருக்கும் நாய், தன்னை வளர்த்த கையையும் கடிக்கும். சத்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் மட்டும் வாய் கட்டக் கூடாது.

*வீட்டு மருந்து.* பனடோல் ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். மனிதருக்கான மற்ற நோ மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சல் என்று அன்போடு பாதி மாத்திரையைச் சோற்றில் வைத்தவர்கள் பிறகு வருந்தியிருக்கிறார்கள். ஜீவனி வயிற்றோட்டத்தின் நீரிழப்புக்கு ஓரளவு உதவும். குட்டி நாயின் பார்வோ வைரஸ் நோய்க்கு அது மருந்தாகாது.

கடித்த விலங்கு: ஒரு கண்டிப்பான விதிவிலக்கு

காரணமின்றிக் கடிக்கும், விழுங்க முடியாமல் வாய்நீர் ஒழுகும், குரல் மாறிய, தடுமாறி அலையும் நாயையோ பூனையையோ தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணி வாய்க்குள் கைவிடாதீர்கள். விசர் நோயாக இருக்கலாம். அறிகுறி வெளிப்பட்ட பின் அதற்கு விலங்கிலும் மனிதரிலும் சிகிச்சை இல்லை என்றே கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். கடித்த விலங்கைக் கட்டிவைத்து இரண்டு வாரம் அவதானிக்க முடிந்தால் அவதானிக்க வேண்டும். அது இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். தலையைப் பரிசோதனைக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று அதிகாரிகள் சொல்வார்கள்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

மேசையில் விலங்கு கிடக்கும்போது மனம் ஓடாது. நான்கு கேள்விகளை நினைவில் வைத்தால் போதும். இது என்னவாக இருக்கலாம்? சிகிச்சை செய்தால் தேறும் வாய்ப்பு எவ்வளவு, தேறினால் எப்படி வாழும்? மொத்தம் எவ்வளவு செலவாகும், அதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா? உங்கள் வீட்டு நாய் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். பல வைத்தியர்கள் கேட்டால்தான் மனந்திறந்து சொல்வார்கள். பணம் குறைவு என்பதையும் மறைக்காதீர்கள். முழுப் பரிசோதனைக்கு வழியில்லாதபோதும் நோவைக் குறைப்பதும் சேலைன் ஏற்றுவதும் செய்யக்கூடியவை. தேற வாய்ப்பு மிகக் குறைவு என்று வைத்தியர் சொன்னால், அது அடுத்த கட்டத்தைப் பற்றிக் கதைக்க வேண்டிய நேரம்.

போக விடுவதா, இன்னும் பார்ப்பதா?

முதிர்ந்த சிறுநீரக நோய், பரவிய புற்று, முறிந்த முள்ளந்தண்டு, நடக்க முடியாத முதுமை. இவற்றில் கேள்வி சாவதா பிழைப்பதா என்பதாக இராது. மிச்சமிருக்கும் நாள்கள் எப்படிப்பட்டவை என்பதே கேள்வி. அமெரிக்க மிருகப் புற்றுநோய் வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கு ஒரு அளவுகோல் தந்தார். ஏழு விடயங்களுக்குத் தலா 0 முதல் 10 வரை புள்ளி போட வேண்டும்:

1. நோ அடங்கியிருக்கிறதா, மூச்சு இலகுவாக வருகிறதா?
2. தானாகத் தின்கிறதா?
3. போதிய தண்ணீர் குடிக்கிறதா?
4. உடம்பு துப்புரவாக இருக்கிறதா, சலத்திலும் மலத்திலும் கிடக்கிறதா?
5. வீட்டாரைக் கண்டால் மகிழ்கிறதா?
6. எழுந்து நடக்கிறதா?
7. நல்ல நாள்கள் கெட்ட நாள்களைவிட அதிகமா?

மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம். அதற்குக் கீழே இறங்கி, சிகிச்சையாலும் ஏறாவிட்டால் போக விடுவதைப் பற்றி வைத்தியரோடு கதைக்க வேண்டும். வீட்டில் இருவர் தனித்தனியே புள்ளி போட்டுப் பிறகு ஒப்பிடுவது நல்லது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு சரியும் கெட்ட நாளுக்கு ஒரு பிழையும் போட்டு வந்தால் இரண்டு வாரத்தில் உண்மை கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு நாள் பார்க்கிறவருக்கு மெல்லத் தேய்வது புலப்படாது. தாளில் புலப்படும்.

இங்கே குறுக்கே வருபவை மூன்று. ஒன்று, பாவம் என்ற எண்ணம். கொல்லாமையைப் பெரிதாகக் கொண்ட சைவக் குடும்பங்களில், உயிரை நோவில்லாமல் போக விடும் ஊசியைப் போடச் சொல்வதற்கு நா எழாது. சில வைத்தியர்களும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. தயங்குகிறவர்கள் நோ மருந்தும் மயக்கமும் கொடுத்து, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, இறுதிவரை பராமரிக்கும் வழியை வைத்தியரிடம் கேட்டுச் செய்யலாம். அது இரவும் பகலும் ஆள் நிற்க வேண்டிய வேலை. ஒன்றும் செய்யாமல் கொட்டிலில் போட்டுவிட்டு இயற்கையாகப் போகட்டும் என்பது அந்த அறத்தில் சேராது. தீராத நோவோடு மூச்சுக்குத் தவிக்கும் ஒரு பிராணியின் தவிப்பை, வைத்தியர் கையால், நோவில்லாமல் முடித்துவைப்பது கருணைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு, விட்டுவிட்டு வந்த நினைவு. 1990இல் மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயை வாசலில் விட்டுவிட்டு ஓடிவந்ததை இன்றும் சொல்லிக் கலங்கும் பெரியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி போடச் சம்மதிப்பது இன்னொரு முறை கைவிடுவதாகத் தோன்றலாம். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். அன்று பக்கத்தில் இருக்க வழியில்லாமல் போனது, இன்று கடைசிக் கணம் வரை தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருக்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு விளங்கும்.

மூன்று, வெளிநாட்டுப் பிள்ளைகள். நாய் மகனுடையது, மகன் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருப்பான், பராமரிப்பது பெற்றோர், செலவுக்குக் காசு அனுப்புவது அவன். "அடுத்த மாசம் வாறன், அதுவரைக்கும் வைச்சிருங்கோ அம்மா" என்று கேட்பான். கேட்பது அன்பால்தான். ஆனால் அந்த ஒரு மாதத்தை நோவோடு கழிக்கப் போவது நாய். வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டாதீர்கள். அது எழ முயன்று விழுவதையும், தண்ணீர்ச் சட்டிக்கு முன் நிற்பதையும் காட்டுங்கள். வைத்தியரையே மகனோடு கதைக்க வையுங்கள். தினமும் பார்க்கிறவரின் சொல்லுக்கே முதலிடம் என்பதைக் குடும்பத்தில் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க ஆளில்லை என்பதற்காகக் கிழட்டு நாயைச் சந்தையடியிலோ கோயிலடியிலோ இறக்கிவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். வெளிநாடு போகிறவர்கள் நலமான நாய்க்கு உறவினரையோ, இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்துவது போன்ற சரணாலயத்தையோ மாதங்களுக்கு முன்பே நாடலாம். நஞ்சு வைப்பது, தூக்க மாத்திரை கொடுப்பது, கடலில் விடுவது எல்லாம் வதை. இலங்கையில் விலங்கு வதையைத் தண்டிக்கும் சட்டம் 1907 முதலே இருக்கிறது.

ஊசி போடும் வேளை

முடிந்தால் வைத்தியரை வீட்டுக்கு அழையுங்கள். வழமையாகப் படுக்கும் இடத்தில், பழகிய பாயில் இருப்பது அதற்கு ஆறுதல். கட்டணத்தை முன்பே கொடுத்துவிடுங்கள், பிறகு கணக்குப் பார்க்க மனம் வராது. குழியை எங்கே வெட்டுவது என்பதையும் அதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

முதலில் மயக்க ஊசி. தசையில் போட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தலை கனத்துத் தாழும். அது கேட்டுக்கொண்டிருக்கும் கடைசி நேரம் அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு முன்னங்காலில் சிறிது மயிர் மழித்து, நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவார்கள். அதன் வழியே மயக்க மருந்தை மிகை அளவில் செலுத்துவார்கள். உலகெங்கும் இதற்குப் பெரிதும் பயன்படுவது பென்ரோபாபிற்றோன். சில விநாடியில் நினைவு போய்விடும், சில நிமிடத்தில் இதயம் நிற்கும். வைத்தியர் ஸ்ரெதஸ்கோப் வைத்து உறுதி செய்வார்.

கண் திறந்தபடியே இருக்கும். சலம் போகலாம். ஒன்றிரண்டு முறை பெருமூச்சு இழுப்பது போல் நெஞ்சு அசையலாம், தசை துடிக்கலாம். நினைவு போன பின் உடல் செய்வது இது, நோவின் அடையாளம் இல்லை. இது தெரியாமல் பார்த்தவர்கள், துடிக்கத் துடிக்கப் போனதாக வருடக்கணக்கில் நினைத்து வருந்துகிறார்கள்.

"முதலில் மயக்குவீங்களோ டொக்டர், பிறகு என்ன மருந்து போடுவீங்கள்?" என்று முன்பே கேளுங்கள். முழு மயக்கம் இல்லாமல் பொற்றாசியம் அல்லது மக்னீசியம் உப்பை நரம்பில் ஏற்றிக் கொல்வது ஏற்கத்தக்க முறை அன்று. நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

அடக்கம்

வலிகாமம் வடக்கு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமர்ந்த நிலம். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது அந்தக் கல்லை நம்பித்தான். மண் பல இடங்களில் மெல்லியது. கல்லில் வெடிப்பும் குகையும் உண்டு. கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதும் அந்த வெடிப்புகளின் வழியேதான். மேலே போடுவது விரைவில் கிணற்றுக்குப் போய்ச்சேரும். குடாநாட்டின் குடிநீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்தே வருகிறது.

ஆகவே உங்கள் கிணற்றிலிருந்தும் அயலவர் கிணற்றிலிருந்தும் குறைந்தது 100 அடி தள்ளி, மழைநீர் தேங்காத இடத்தில் புதையுங்கள். மூன்று நான்கு அடி ஆழம் வேண்டும். ஒன்றரை அடியில் பாறை தட்டினால் அங்கே அரைகுறையாகப் புதைக்காமல் வேறிடம் பாருங்கள். ஊசி மருந்து உடலில் நெடுநாள் கெடாமல் இருக்கும், தோண்டித் தின்னும் நாயும் காகமும் இறந்துபோகலாம். பருத்தித் துணியால் சுற்றுங்கள், பொலித்தீன் வேண்டாம். மண் மூடியபின் மேலே கற்களை அடுக்குங்கள். வளவில் இடமில்லாதவர்கள் வலிகாமம் வடக்குப் பிரதேச சபையில் கேட்க வேண்டும். பற்றைக்குள்ளோ கடற்கரையிலோ எறிவது தகாது.

பிறகு

சிறுபிள்ளைகளிடம் "நித்திரை கொள்ளுது", "ஓடிப்போட்டுது" என்று சொல்லாதீர்கள். முதலாவது அவர்களை நித்திரைக்கு அஞ்ச வைக்கும், இரண்டாவது தேட வைக்கும். செத்துப்போய்விட்டது, இனி வராது, அதற்கு நோ இல்லை என்று சொல்லுங்கள். விரும்பினால் குழியில் பூப் போட விடுங்கள். தனித்து வாழும் முதியவருக்கு அந்த நாய்தான் நாள்முழுக்கப் பேச்சுத் துணையாக இருந்திருக்கும். நாய்க்காக இவ்வளவு அழுகையா என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சில வாரம் மாலை வேளைகளில் போய் இருந்து கதையுங்கள். வீட்டில் மற்ற நாய் இருந்தால் தின்னாமல் தேடித் திரியலாம். இரண்டு மூன்று நாளில் தேறாவிட்டால் அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சற்று முன்னதாகச் செய்துவிட்டோமோ, பிந்திவிட்டோமோ என்ற கேள்வி எழும். நாட்காட்டியையும் புள்ளித் தாளையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றும் புலப்படாவிட்டால் வைத்தியரிடமே கேளுங்கள், அவர் சொல்வார். அடுத்த குட்டியை எப்போது கொண்டுவருவது என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. கொண்டுவந்த வாரமே அதை வைத்தியரிடம் காட்டி, பார்வோவுக்கும் விசர் நோய்க்கும் தடுப்பூசித் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், கருத்தடைக்கு உரிய வயதைக் கேட்டு வையுங்கள், உண்ணி மருந்தை உடனே தொடங்குங்கள். இந்த அத்தியாயத்தில் சொன்ன இரவுகளில் பலவற்றை அந்த ஒரு வருகையே இல்லாமல் செய்துவிடும்.